எண்ணூர் கழிமுக ஆய்வு: மூன்றாவது வீட்டிலேயே நின்றுவிட்டது

கேள்வி (திருவொற்றியூர்க்காரன்):
நீர்வள மேலாண்மை அலுவலகம் ஒன்றுக்காக மீனவர் வாழ்க்கை ஆய்வை நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. குழுவில் 4 பேர், படிவத்தில் 40 கேள்விகள். காட்டுக்குப்பத்தில் ஒரு பெரியவர், “2023இல் எண்ணெய் படர்ந்தபோதும் எழுதிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து சொன்னவர் யார்?” என்றார். படிவத்தை மடித்துவிட்டேன். இனி எப்படிக் கேட்பது?

பதில் (மீன்கூடை):
தம்பி, பகல் பதினொரு மணிக்குப் போயிருப்பீர்கள். இரவெல்லாம் வலையோடு இருந்தவர் தூங்கும் நேரம் அது! ‘குடும்பத் தலைவர் பெயர்’ என்ற முதல் கட்டமே பெண்களை வெளியே தள்ளிவிடுகிறது. இறால் என்ன விலைக்குப் போனது, கடன் யாரிடம் என்பதெல்லாம் விற்கிறவளுக்குத்தான் தெரியும். ‘படகு உண்டா?’ என்று கேட்டால், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

பதில் (பழவேற்காட்டான்):
வருமானத்தைக் கடைசியில் கேளுங்கள். முதலில் ஊரின் மீன்பிடி விதிகளைக் கேளுங்கள். எங்கள் ஏரியில் ‘பாடு’ முறை உண்டு: எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை ஊரே முறைவைத்துப் பிரிக்கும். பொதுவளத்தை மக்களே ஆள முடியும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது. எங்கள் தாத்தாவுக்கு ஒரு தேநீர்கூடக் கிடைக்கவில்லை.

திருவொற்றியூர்க்காரன்:
கேள்விகள் 12 ஆகிவிட்டன, அக்கா. சனிக்கிழமை விடியற்காலையில், படிவம் இல்லாமல், முதலில் அந்தப் பெரியவரிடம் போகிறேன்.