தோல் ஒட்டு அறுவை சிகிச்சை: கட்டுப் பிரித்த நாள் நினைவிருக்கிறதா?

பூவரசு:
தம்பியின் முன்கையில் கொதிநீர் கொட்டிவிட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். நாங்கள் கையை நினைத்தே பயந்துகொண்டிருந்தோம். அவன் அலறியதோ தொடை வலியில். போர்வை உரசினாலே துடித்தான். எடுத்த இடம்தான் அதிகம் வலிக்கும் என்று ஏன் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை? கட்டுப் பிரித்தபோது மீன்வலை போலக் கண்ணி கண்ணியாகத் தோல், நடுநடுவே சிவந்த சதை. ஒட்டு பிடிக்கவில்லை என்று நினைத்து அம்மா அழுதுவிட்டார். செவிலியர் விரலால் மெல்ல அழுத்தி எடுத்தார். வெளுத்த இடம் மறுபடி சிவந்தது. "இரத்தம் ஓடுகிறதம்மா, பிடித்துவிட்டது" என்றார்.

ஆற்றோரம்:
பூவரசு, எல்லோருக்கும் வலை போலப் போடுவதில்லை, எல்லோருக்கும் அப்படி வலிப்பதும் இல்லை. பெரிய புண்ணைக் கொஞ்சம் தோலால் மூடவும், அடியில் தேங்கும் நீர் வடியவும்தான் அப்படித் துளையிட்டு விரிக்கிறார்கள். என் மகளுக்குக் கீழ் இமையில் ஒட்டினார்கள். காதின் பின்புறத்திலிருந்து முழுத் தடிமனில் எடுத்து, அந்த இடத்தைத் தைத்து மூடிவிட்டார்கள். அங்கே வலி என்று அவள் சொல்லவே இல்லை. ஆனால் கட்டுப் பிரித்ததும் ஒட்டு கருநீலமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தவள், "இது என் தோல்தானா அப்பா?" என்று கேட்டாள். நிறம் பிறகு தேறிவிட்டது. அந்தக் கேள்விதான் போகவில்லை.

வேம்படி:
என் கணவருக்குக் காலில். ஒட்டு நன்றாகவே பிடித்தது. வீடு திரும்பிய பிறகு அரிப்பு; தூக்கத்தில் சொறிந்து விரிப்பெல்லாம் இரத்தம்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒட்டிய தோலுக்கு முதல் இரண்டு நாள் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. அடியிலுள்ள புண்ணின் நீரை உறிஞ்சியே பிழைக்கிறது. பிறகுதான் இரத்தக் குழாய்கள் இணைகின்றன. அதனால்தான் முதல் கட்டைப் பிரிக்கும்வரை அசைக்காதே என்கிறார்கள். மெல்லிய ஒட்டில் எண்ணெய்ச் சுரப்பி வேலை செய்யாது. ஆறிய பிறகு, மணம் சேர்க்காத களிம்பை நாள்தோறும் பலமுறை தடவி அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். வெயில் பட்டால் கறுத்துவிடும், மூடியே வையுங்கள். தழும்பு தடிக்காமல் இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உடை கொடுத்தால், புழுங்கினாலும் கழற்றி எறியாதீர்கள். குளிக்கும் நேரம் தவிர நாள் முழுவதும், ஏறத்தாழ 23 மணி நேரம், மாதக்கணக்கில் போடச் சொல்வார்கள். மூட்டருகே ஒட்டியிருந்தால் பயிற்சியை விடவே கூடாது. தோல் சுருங்கினால் மூட்டு மடங்கியே நின்றுவிடும். மறுபடி அறுவை சிகிச்சைதான்.

பூவரசு:
ஆற்றோரம், தம்பிக்கு நடந்ததைத்தான் எழுதினேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை புண்; காதோரத் தோல் அதற்குப் போதுமா? வேம்படி, அரிப்புக்கு மாத்திரை ஏதும் கொடுத்தார்களா? இவனும் இரவில் தூங்குவதில்லை.