கேட்டவர் சூட்டிய நிபுணர் பட்டம்

தேவகோட்டைத் தணிக்கையாளர்:
"இணையத்தில் ஊராருக்கு இலவசமாகப் பதில் எழுதுகிறவர் வேலையற்றவர்" என்று நேற்று நம் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். தொழில்சார் தொடர்புகளுக்கான வலைத்தளமான லிங்க்ட்இன் 2007இல் தொடங்கிய 'ஆன்சர்ஸ்' என்ற கேள்வி-பதில் பகுதியில், அது மூடப்படும் வரை வரி தொடர்பான கேள்விகளுக்கு நான் பதில் எழுதினேன். சிறந்தது என்று தேர்வான ஒவ்வொரு பதிலும் என் பெயருக்குக் கீழே நிபுணத்துவமாகச் சேர்ந்தது. என்னைச் சிங்கப்பூர் வரை அறிமுகப்படுத்தியது அதுதான். விசிட்டிங் கார்டு அன்று.

பள்ளத்தூர்ப் பேரேடு:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். சிறந்த பதிலைத் தேர்ந்தெடுத்தவர் யார்? கேள்வி கேட்டவர். விடை தெரியாமல் வந்தவர் எப்படி நிபுணர் பட்டம் சூட்டுவார்? பர்மாவிலும் மலாயாவிலும் நம் நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில், பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை வேலையில் சேர்ந்தவன் அடுத்தாளாகவும் மேலாளாகவும் உயர்ந்தது, ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்கைப் பிசகாமல் போட்டுக் காட்டியதால்தான். அவனுடைய நாணயத்தை எடைபோட்டவர் கணக்கறிந்த முதலாளி. கடன் கேட்டு வந்தவர் அல்லர்.

தேவகோட்டைத் தணிக்கையாளர்:
தவறாக எழுதினால் மற்ற தணிக்கையாளர்கள் அங்கேயே வந்து திருத்தினார்கள். பூட்டிய பேரேட்டைவிட அது கடுமையான தணிக்கை.

பள்ளத்தூர்ப் பேரேடு:
பட்டம் சூட்டியவர் யார் என்ற கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. மைத்துனரிடம் 50,000 ரூபாய் ரொக்கமாகக் கடன் வாங்கலாமா என்று ஒரு தளத்தில் ஒருவர் கேட்டார். அப்போது நடப்பிலிருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்எஸ் பிரிவுப்படி 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கக் கடனாக வாங்கக் கூடாது என்றும், மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம் என்றும் விளக்கமாக எழுதினேன். "உறவுக்குள் ஒன்றும் ஆகாது" என்று ஒற்றை வரி எழுதியவருக்குச் சிறந்த பதில் கிடைத்தது.

புதுவயல் அரிசி ஆலை:
ஐயா, நியாயமான காரணம் காட்டினால் அபராதம் இல்லை என்று அதே சட்டத்தின் 273பி பிரிவு சொன்னதே. அதை உங்கள் பதிலில் ஏன் விட்டீர்கள்?

பள்ளத்தூர்ப் பேரேடு:
நெல் அவிக்கிறவர் சட்டம் படித்தது எப்போது? மருந்து இருக்கிறது என்பதற்காக நோயை விலைக்கு வாங்கச் சொல்கிறீர்களா?

புதுவயல் அரிசி ஆலை:
நெல் அவிக்கிறவனுக்கும் நோட்டீஸ் வருகிறது, ஐயா, அதனால்தான் படித்தேன்.

கானாடுகாத்தான் கட்டடக்கலை:
பேரேடு அண்ணன், பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிப் பூச்சு உரிந்துவிடும் என்று நான் கோரா என்ற கேள்வி-பதில் தளத்தில் காரணத்துடன் எழுதினேன். வீடு புதுப்பிக்க என்னைத் தேடி வந்த மூவரும் அதைப் படித்துவிட்டே வந்தார்கள். பட்டம் ஏதும் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பள்ளத்தூர்ப் பேரேடு:
ஆகவே பட்டம் செல்லாக்காசு என்று தங்கச்சியும் ஒப்புக்கொண்டாயிற்று.

கானாடுகாத்தான் கட்டடக்கலை:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. எழுதியதால் வேலை வந்தது என்றுதான் சொன்னேன்.

பள்ளத்தூர்ப் பேரேடு:
உங்கள் பேச்சு இருக்கட்டும், பட்டயக் கணக்கரான தணிக்கையாளருக்குத் தடை உண்டு. வாடிக்கையாளரை வலிந்து அழைப்பதைப் பட்டயக் கணக்கர் சட்டத்தின் (1949) முதல் அட்டவணை தொழில் ஒழுங்கீனம் என்கிறது. ஆறு ஆண்டு இலவசப் பதிலுக்கு வேறு பெயர் உண்டா?

தேவகோட்டைத் தணிக்கையாளர்:
ஒரு பதிலிலாவது என் தொலைபேசி எண்ணைப் போட்டேனா? உங்கள் மருமகனுக்கு நோட்டீஸ் வந்தபோது இரவு பதினொரு மணிக்கு அழைத்தீர்களே, அப்போது நான் வலிந்து அழைத்தேனா, நீங்கள் அழைத்தீர்களா?

பள்ளத்தூர்ப் பேரேடு:
அது உறவுமுறையில் கேட்டது. சபையில் சொல்லிக்காட்டுவீர்கள் என்று தெரிந்திருந்தால் மதுரையில் ஆள் பார்த்திருப்பேன். கட்டணத்தைச் சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன். 2013 ஜனவரியில் அந்தப் பகுதியையே லிங்க்ட்இன் மூடிவிட்டது. கேட்டவர் சூட்டிய பட்டம் இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறது?

தேவகோட்டைத் தணிக்கையாளர்:
பகுதிதான் மூடப்பட்டது, அதன் வழியாக வந்தவர்கள் இன்றும் என்னிடம் இருக்கிறார்கள். கட்டணச் சீட்டு இன்றிரவே வரும்; ஜிஎஸ்டி 18 விழுக்காடு தனி.

பள்ளத்தூர்ப் பேரேடு:
வரட்டும். தேர்ந்தெடுத்தவர் யார் என்பதையும் அதிலேயே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.