பில்லிங் சாப்ட்வேர் திரைக்கு வெளியே திறக்கிறது, எப்படி உள்ளே கொண்டுவருவது?

நண்பர்களே வணக்கம். கடை லேப்டாப்பில் விண்டோஸ் 11. அதற்கு இடப்பக்கம் இன்னொரு மானிட்டர் இருந்தது. அதைக் கழற்றியதிலிருந்து பில்லிங் சாப்ட்வேர் மட்டும் கண்ணில் படமாட்டேன் என்கிறது. டாஸ்க்பாரில் ஐகான் இருக்கிறது, மவுஸை வைத்தால் குட்டிப் படமும் தெரிகிறது. கிளிக் செய்தால் ஒன்றும் வருவதில்லை.

ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி, எம் தட்டி, அம்புக்குறியால் நகர்த்தும் வழி தெரியும். ஆனால் இந்தப் பழைய சாப்ட்வேரில் அந்த மெனுவே வருவதில்லை. விண்டோஸ் 10-இல் டாஸ்க்பாரை ரைட் கிளிக் செய்தால், திறந்திருக்கும் விண்டோக்களைத் திரைக்குள் அடுக்கிக் காட்டும் கேஸ்கேட் இருக்கும். 11-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். மானிட்டரைத் திரும்ப மாட்டலாம்தான், அது இப்போது வேறு கிளையில் இருக்கிறது.

மூடும்போது இருந்த இடத்தை சாப்ட்வேர் சேமித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். இடப்பக்க மானிட்டர் என்றால் எக்ஸ் மதிப்பு, அதாவது இட-வல நிலையைக் குறிக்கும் எண், மைனஸில் இருக்கும். சரி, அந்த எண்ணை எங்கே தேடுவது? விண்டோஸ் செட்டிங்குகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியிலா, சாப்ட்வேரின் சொந்த செட்டிங்குகள் இருக்கும் ஐஎன்ஐ கோப்பிலா? அதை மட்டும் அழித்தால் பில் டேட்டாவுக்கு ஆபத்து உண்டா?

ரீஇன்ஸ்டால் செய்யச் சொல்லாதீர்கள், ப்ளீஸ். லைசென்ஸ் கீ வாங்கித் தந்தவர் போனையே எடுப்பதில்லை.