ஞாயிறு கானாடுகாத்தான் பயணம்: எங்கள் தெருக் குழு

செந்தில்: எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயிறு செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பார்க்கப் போக வேன் சொல்லியாச்சு, 17 சீட். காலை 6 மணிக்குத் தெருமுனையில் கிளம்புகிறோம். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், நேரம் இருந்தால் திருமயம் கோட்டை.

ரேவதி: நேரம் இருந்தால்?? 😂 அண்ணா, இதை முடிக்க மூணு ஞாயிறு வேணும்

பாண்டியம்மாள்: சாப்பாடு எங்கே

செந்தில்: சொல்றேன் அக்கா

மெய்யம்மை ஆச்சி: செந்தில் தம்பி, பிள்ளையார்பட்டி வழியில்தான் இருக்கிறது, எங்கள் நகரத்தார் செட்டியார்களுக்கு உள்ள ஒன்பது நகரக் கோயிலில் அது ஒன்று, அதை விடச் சொல்ல எனக்கு வாய் வராது. மற்றபடி வீடு இரண்டே போதும், ஆத்தங்குடியில் ஒன்று, கானாடுகாத்தானில் ஒன்று. ஒரு வீட்டை நிதானமாகச் சுற்ற ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஆறு இடத்திலும் இறங்கி ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு ஏறுவதற்கு வீட்டிலிருந்தே யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம்.

ரேவதி: ஆச்சி சொன்னது 💯

செந்தில்: சரி ஆச்சி, திருமயம் போச்சு. குன்றக்குடியும் போச்சு. ஆயிரம் ஜன்னல்?

மெய்யம்மை ஆச்சி: நான் போனபோது வெளியில் நின்றுதான் பார்த்தோம். வெயிலில் நின்று ஜன்னல் எண்ணவா?

கதிர்: கைடு ஏற்பாடு பண்ணணுமா அண்ணா? போன வருஷம் காலேஜில் கூட்டிப்போனப்ப ஒருத்தர் வந்தார், இது ராஜா வாழ்ந்த அரண்மனை, அடியில் சுரங்கம் போகுது, படை எடுத்து வந்தா தப்பிக்கனு ஒரே சரித்திரம்.

மெய்யம்மை ஆச்சி: படையா! நகரத்தார் வியாபாரிகள் அப்பா. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போனவர்கள். அந்த அரண்மனைக்கார அண்ணாமலைச் செட்டியாருக்கு 'ராஜா' பட்டம் வெள்ளைக்காரன் 1929இல் கொடுத்தது, அதே வருஷம்தான் சிதம்பரத்தில் பல்கலைக்கழகமும். யார் வீடு, எங்கிருந்து மரம் வந்தது, யார் எங்கே படுத்தார்கள் என்று சொல்லத் தெரிந்த உள்ளூர் ஆளைப் பிடி. சுரங்கம் என்று ஆரம்பித்தால் நானே நிறுத்திவிடுவேன்.

ரேவதி: என் மாமியார் வரணும்னு ஆசைப்படறாங்க, முழங்கால் வலி. முடியுமா ஆச்சி?

மெய்யம்மை ஆச்சி: தாராளமாகக் கூட்டி வா. வாசலில் மட்டும் படி உண்டு, வீடெல்லாம் தெருவைவிட உயரம். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வெள்ளத்துக்குப் பயந்து வந்தவர்கள் என்பதால் உயர்த்திக் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஏறிவிட்டால் உள்ளே சமதளம்தான், நிலைப்படியைத் தாண்டும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொள். செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், தரை ஜில்லென்று இருக்கும், கால் வலிக்கு அதுவே சுகம். முடியாவிட்டால் திண்ணையில் உட்காரட்டும், அந்தத் தேக்குத் தூண்களைப் பார்த்தாலே பொழுது போய்விடும்.

பாண்டியம்மாள்: அவ்வளவு பெரிய வீட்டில் ஆளுக்கு நாலு ரூம் இருந்திருக்கும்

மெய்யம்மை ஆச்சி: அதுதான் இல்லை பாண்டியம்மா. முன்னால் முகப்பு, அங்கே ஆண்கள் கணக்கு வழக்கு பேசுவார்கள். உள்ளே வளவு, நடுவில் வானம் தெரிகிற முற்றம், சுற்றிலும் வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையையும் நாங்கள் 'வீடு' என்போம், கல்யாணமான ஒவ்வொரு பையனுக்கும் ஒன்று. அவன் குடும்பம் ஒரு புள்ளி. சீர் சாமான், துணிமணி எல்லாம் அதற்குள் பூட்டி வைத்துவிட்டு எல்லாரும் பத்தியில், அதாவது முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், பாய் விரித்துப் படுப்போம். முகப்பில் பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி மார்பிள், எல்லாம் சரி. என் ஆத்தாவுக்கு என்று இருந்தது பத்தடி அறை, ஒரு சாவி.

ரேவதி: 🙏

முருகேசன் சார்: ஆத்தங்குடியில் வீட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், தரையில் பதிக்கிற டைல்ஸ் கல் போடுகிற பட்டறைக்குப் பிள்ளைகளை அவசியம் கூட்டிப் போகவேண்டும். நான் 31 வருஷம் கட்டட வேலையில் இருந்தவன், இன்னமும் எனக்கு அது ஆச்சரியம்தான். கண்ணாடிச் சில்லின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சை வைத்து, கலர் சிமென்ட் குழம்பைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள், அச்சைத் தூக்கினால் கலர் ஒன்றோடு ஒன்று கலக்காமல் அப்படியே நிற்கும். மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, அதற்கு மேல் கலவை போட்டுத் தட்டி மட்டம் பண்ணி வைத்துவிடுவார்கள். பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டி. சூளை கிடையாது, பாலீஷ் மெஷின் கிடையாது. கடைசியில் கண்ணாடியை உரித்தால் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வந்திருக்கும்!

செந்தில்: சார், இதுக்கு 45 நிமிஷம் போட்டுட்டேன்

முருகேசன் சார்: ஒரு மணி நேரம் போடு தம்பி

கதிர்: ஆச்சி, தப்பா நினைக்காதீங்க. பர்மாவில் வட்டிக்குக் கொடுத்து, 1930 வாக்கில் நெல் விலை விழுந்தப்ப விவசாயிகள் நிலமெல்லாம் செட்டியார்கள் கைக்குப் போச்சுன்னு படிச்சேன். அதையும் கைடு சொல்வாரா?

செந்தில்: டேய்

மெய்யம்மை ஆச்சி: கேட்கட்டும் செந்தில். உண்மைதான் கதிர். அந்த நிலமும் தங்கவில்லை. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது எங்கள் ஐயா கையில் கிடைத்ததோடு கிளம்பி வந்தவர், பேரேட்டை மட்டும் சாகும்வரை வைத்திருந்தார். தேக்கு அங்கே விளைந்தது, பணமும் அங்கே விளைந்தது. கைடு சொல்லாவிட்டால் நீ கேள்.

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

ரேவதி: யார் என்ன அழிச்சது 🤨

பாண்டியம்மாள்: கை பட்டுருச்சு. சாப்பாடு எங்கேனு இன்னும் யாரும் சொல்லல

செந்தில்: அக்கா, கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் சமைத்துத் தருகிறார்கள், ரெண்டு நாள் முன்னாடியே தலை எண்ணிச் சொல்லணும். அதனால் வெள்ளிக்கிழமைக்குள் பேர் கொடுங்கள். வேன், சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 900.

மெய்யம்மை ஆச்சி: காரம் அள்ளிக் கொட்டவேண்டாம் என்று சொல்லிவிடு. போர்டில் 'செட்டிநாடு' என்று எழுதினாலே மிளகாயை இரைக்கிறார்கள். வெண்டைக்காய் மண்டி, கவுனி அரிசி கேள்.

மெய்யம்மை ஆச்சி: இன்னொன்று. பள்ளத்தூரில் எங்கள் அப்பச்சி வீடு, அதாவது அப்பா வீடு, பூட்டித்தான் கிடக்கிறது, கானாடுகாத்தானிலிருந்து பக்கம். 14 புள்ளிக்குச் சொந்தம், கல்யாணம் காரியம் என்றால்தான் திறப்பார்கள். சாவி வைத்திருக்கிற தம்பியிடம் கேட்டுப் பார்க்கிறேன், மற்றப் பங்காளிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வௌவால் இருக்கும், வளவுக்குப் பின்னால் ரெண்டாம் கட்டுப் பக்கம் ஓடு சரிந்திருக்கிறது, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது.

ரேவதி: ஆச்சி ❤️❤️

கதிர்: போட்டோ எடுக்கலாமா ஆச்சி?

மெய்யம்மை ஆச்சி: முகப்பில் எடு. சாமி அறையில் வேண்டாம்.

முருகேசன் சார்: அந்தச் சுவரில் கை வைத்துப் பார்க்கவேண்டும் ஆச்சி, சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் போட்டு இழைத்த பூச்சு. நான் டார்ச் கொண்டு வருகிறேன்.

செந்தில்: அப்ப ஃபைனல்: பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் சாப்பாடு, சாவி கிடைத்தால் பள்ளத்தூர். 6 மணி, ஆறே கால் இல்லை.

பாண்டியம்மாள்: ரெண்டு பேர் போட்டுக்கோ. வெள்ளைப் பணியாரம் உண்டா

மெய்யம்மை ஆச்சி: உண்டு. அதை நான் சுட்டு எடுத்து வருகிறேன்.