பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் புனித லாரன்ஸ் ஆலயம்: 700ஆ, 1001ஆ?

கல்தச்சன்:
நேற்று இங்கே வந்த இந்த இங்கிலாந்து ஆலயத்தின் படத்துக்குக் கீழே "கி.பி. 700-இல் புனித அல்டெல்ம் கட்டியது, சந்தேகமே வேண்டாம்" என்று எழுதியிருக்கிறது. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த 700 எங்கிருந்து வந்தது? மால்ம்ஸ்பரி வில்லியம் என்ற வரலாற்றாசிரியர் 1125 வாக்கில் எழுதிய ஒரே வரியிலிருந்து. அல்டெல்ம் இறந்தது 709-இல். நடுவே நானூறு வருடம். ஆனால் 1001-இல் ஈதல்ரெட் மன்னர் பிராட்ஃபோர்டை ஷாஃப்ட்ஸ்பரி கன்னியர் மடத்துக்கு எழுதிக்கொடுத்த சாசனமே இருக்கிறது. டேனியர் படை வந்தால் கன்னியரும், கொலையுண்ட எட்வர்டு மன்னரின் எலும்புகளும் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்தது. இன்று நிற்கும் கட்டடம் அதற்குப் பிறகு எழுந்ததுதான்.

ஏவன்கரை:
படம் போட்டவன் நான்தான், நேரடியாக என்னிடமே கேட்டிருக்கலாம். வில்லியம் எங்கோ உட்கார்ந்து கதை கேட்டு எழுதியவர் இல்லை, அல்டெல்ம் தலைவராக இருந்த அதே மடத்துத் துறவி. லாரன்ஸ் பெயரைச் சொல்லி, சிற்றாலயம் இன்றும் இருக்கிறது என்கிறார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கல்தச்சன்:
லத்தீன் வரியை முழுதாகப் படியுங்கள். "கட்டியதாகச் சொல்லப்படுகிறது" என்றுதான் அவரே எழுதியிருக்கிறார். சொல்லப்படுகிறது! நானூறு வருடம் கழித்து!

வழிப்போக்கி:
நான் பிராட்ஃபோர்டில் பத்து வருடம் இருந்தேன், இப்படி ஒரு ஆலயம் அங்கே கிடையாது.

ஏவன்கரை:
அது யார்க்ஷயரில் இருக்கும் வேறு பிராட்ஃபோர்டு. இது வில்ட்ஷயர், ஏவன் ஆற்றங்கரை ஊர். படிக்காமல் எழுதாதீர்கள்.

வழிப்போக்கி:
தெரியாமல் கேட்டதற்கு இப்படியா பேசுவது?

நடுச்சுவர்:
இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதே. அடிச்சுவர் அல்டெல்ம் காலம், வெளிச்சுவரில் ஓடும் குருட்டு வளைவு வரிசை, அதாவது திறப்பில்லாமல் சுவரோடு ஒட்டிய வளைவுகள், பிற்காலத்தில் செதுக்கியது என்று சொன்ன ஆய்வாளர்கள் உண்டு.

கல்தச்சன்:
இருந்தார்கள், சரி. கீழிருந்து மேல்வரை ஒரே கட்டுவேலை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், நான் அந்தப் பக்கம். அப்புறம் உள்ளே போய் நிமிர்ந்து பாருங்கள். கூடத்தின் அகலம் 13 அடிதான், உயரம் 25 அடிக்கு மேல், கிணற்றுக்குள் நிற்பது போல இருக்கும். பீடப் பகுதிக்குப் போகும் வளைவில் இரண்டு பேர் சேர்ந்து நுழைய முடியாது. அதற்கு மேலே, கையில் துணி தொங்கப் பறக்கும் இரண்டு தேவதூதர்கள். அந்தச் சிற்பப் பாணி பத்தாம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. 700-இல் யார் அப்படிச் செதுக்கினார்கள், காட்டுங்கள்.

ஏவன்கரை:
சிற்பத்தைப் பிறகும் பதித்திருக்கலாம். போன மாதமும் இப்படித்தான், நான் எழுதிய எல்லாவற்றிலும் வந்து திருத்தினீர்கள்.

கல்தச்சன்:
போன மாதமும் தப்பாகத்தான் எழுதியிருந்தீர்கள்.

நடுச்சுவர்:
விடுங்கள் ஐயா. கூடம் பள்ளிக்கூடமாகவும் பீடப் பகுதி குடியிருப்பாகவும் மாறி, இது ஆலயம் என்பதே ஊருக்கு மறந்துபோயிருந்தது. 1850-களில் ஜோன்ஸ் என்ற பங்குக்குரு கண்டுபிடித்திருக்காவிட்டால் சண்டை போடக்கூட எதுவும் இருந்திருக்காது.

ஏவன்கரை:
அந்த ஜோன்ஸும் வில்லியமின் வரியை நம்பித்தான் இது அல்டெல்ம் கட்டியது என்றார்.

கல்தச்சன்:
அவரும் அதே ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டார். 1125, ஐயா. நானூறு வருடம்.

வழிப்போக்கி:
என்னிடம் பேசிய விதத்துக்கு இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை.

ஏவன்கரை:
படத்தின் கீழே 700 அப்படியேதான் இருக்கும். மாற்ற மாட்டேன்.