எச்-இண்டெக்ஸ் 17 என்றால் மோசமா? சர்க்கரை வேதியியலில் கைடு தேடுகிறேன்

புதுக்குடுவை:
பிஎச்டிக்கு ஒரு பேராசிரியரிடம் சேர யோசித்துக்கொண்டிருக்கிறேன். முழுக்க கார்போஹைட்ரேட் (சர்க்கரை) வேதியியல்தான், கிளைகோசைடு பிணைப்பு, ஆலிகோசாக்கரைடு தொகுப்பு, அதாவது சர்க்கரையோடு சர்க்கரையைக் கோத்துச் சின்னச் சங்கிலி செய்வது, அந்த மாதிரி. இருபது வருடத்துக்கு மேல் இதிலேயே இருக்கிறார், பேப்பர் ஐம்பத்துச் சொச்சம், கூகுள் ஸ்காலரில் எச்-இண்டெக்ஸ் (பேப்பர்களை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்துப் போடும் எண்) 17. அதே கட்டடத்தில் நானோபொருள் செய்கிறவர் இவரைவிடப் பத்து வயது சின்னவர், 48 வைத்திருக்கிறார். "17-ஐ நம்பியா ஐந்து வருஷத்தைக் கொடுக்கப் போறே?" என்று நண்பன் ஒருவன் கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. எனக்குப் பிடித்தது சர்க்கரைதான். இந்த எண்ணை எப்படிப் பார்ப்பது? இன்னொன்று, சர்க்கரைப் பேராசிரியருடைய மொத்த சைட்டேஷனில் (மற்றவர்கள் காட்டிய மேற்கோளில்) பாதி ஒரே ஒரு ரிவ்யூவுக்கு (பிறர் ஆய்வுகளைத் தொகுத்து எழுதும் கட்டுரைக்கு) வந்தது. அது நல்லதா கெட்டதா?

பைரனோஸ்:
உங்கள் நண்பரை ஒரு டிரைசாக்கரைடு (மூன்று சர்க்கரை கோத்தது) செய்து பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம். ஒரு சர்க்கரையில் நாலைந்து ஹைட்ராக்சில் (OH), எல்லாம் கிட்டத்தட்ட ஒரே குணம். இங்கே பென்சைல், அங்கே அசிட்டைல் என்று ஒவ்வொன்றையும் மூடி, வேண்டிய ஒன்றை மட்டும் திறந்து, அடுத்த சர்க்கரையோடு சேர்த்தால் ஆல்பா, பீட்டா (பிணைப்பு எந்தப் பக்கம் திரும்பியது என்பதில் மட்டும் மாறும் இரண்டு வடிவம்) இரண்டும் கலந்து வரும், கலவையில் இருப்பதைப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தட்டில் இரண்டு ஸ்பாட்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். பிரித்து என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் அளவீடு) எடுத்து, பிணைப்பு நடக்கும் கார்பனில் இருக்கும் அனோமெரிக் ஹைட்ரஜனின் சிக்னல் பிளவு 3.5 ஹெர்ட்ஸா 8 ஹெர்ட்ஸா என்று பார்க்கும்வரை (குளுக்கோஸ் என்றால் 3.5 ஆல்பா, 8 பீட்டா) கையில் இருப்பது என்னவென்றே தெரியாது. காலம் (column, சிலிக்காத் தூள் அடைத்துக் கலவையைப் பிரிக்கும் குழாய்) போட்டே காலம் போச்சு என்று எங்கள் லேபில் ஒரு பழைய புலம்பல் உண்டு. எனக்கு முதல் பேப்பர் வர மூன்று வருடம் ஆனது. வந்த பிறகு அதை யார் சைட் செய்வார்கள்? அந்தச் சர்க்கரையையோ அதன் பக்கத்து வீட்டுச் சர்க்கரையையோ செய்கிற சில குழுக்கள்தான். நானோவில் ஆட்களும் அதிகம், பேப்பரும் அதிகம். 17-ஐயும் 48-ஐயும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

எண்ணும்_எழுத்தும்:
ரிவ்யூ பற்றிக் கேட்டதற்குப் பதில். எச்-இண்டெக்ஸ் என்பது 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு: குறைந்தது 17 சைட்டேஷன் வாங்கிய பேப்பர் 17 இருந்தால் 17. ஒருவருக்கு ஐந்து பேப்பர், சைட்டேஷன் 100, 8, 5, 4, 1 என்றால் மொத்தம் 118, எச் 4. இன்னொருவருக்கு 6, 6, 6, 5, 5, மொத்தமே 28, ஆனால் எச் 5! ஆக அந்த ரிவ்யூ எத்தனை ஆயிரம் வாங்கியிருந்தாலும் எச்-இண்டெக்ஸில் அது ஒரே ஒரு பேப்பர்தான், அதைத் தூக்கிவிட்டாலும் அதிகபட்சம் 16-க்கு இறங்கும். மொத்த சைட்டேஷனைப் பார்த்து மயங்கினால்தான் ரிவ்யூ ஏமாற்றும். துறைக்குத் துறை எண் மாறும் என்று ஹிர்ஷே அந்தக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார், அந்த வரியை மட்டும் யாரும் படிப்பதில்லை. அப்புறம், கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு எல்லாவற்றையும் எண்ணும், ஸ்கோபஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் குறைவாகத்தான் காட்டும். ஒருவருக்கு இதிலும் மற்றவருக்கு அதிலும் எடுத்து ஒப்பிடாதீர்கள்.

கந்தக_அமிலம்:
சர்க்கரையில் பல்லாயிரம் சைட்டேஷன் வாங்கிய பேப்பரும் இருக்கிறது. 1956-இல் டுபுவாவும் இன்னும் நான்கு பேரும் அனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரி இதழில் எழுதியது. சாம்பிளில் கொஞ்சம் ஃபீனால், மேலே அடர் கந்தக அமிலத்தை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும், குழாய் கையைச் சுடும், ஆரஞ்சு மஞ்சள் நிறம் வரும், 490 நானோமீட்டரில் ரீடிங். அவ்வளவுதான். உணவு, பாசி, பாக்டீரியா என்று எதில் சர்க்கரை அளந்தாலும் அந்த ஒரு வரி மேற்கோள் வந்துவிடும், மூலத்தைத் திறந்து படித்தவர்கள் எத்தனை பேரோ. மறுபக்கம் எமில் ஃபிஷர். குளுக்கோஸில் எந்த ஹைட்ராக்சில் எந்தப் பக்கம் என்று 1891-இல் நிறுவினார், 1902-இல் நோபல் வாங்கினார். ஃபிஷர் படம் (சர்க்கரை மூலக்கூறைத் தாளில் வரையும் முறை) வரையாத வேதியியல் மாணவர் கிடையாது, ஆனால் அந்த 1891 கட்டுரையை யார் இன்று அடிக்குறிப்பில் போடுகிறார்கள்? எனவே எத்தனை என்று பார்க்காமல் எதற்காக என்று பாருங்கள். அவருடைய நல்ல பேப்பர் இரண்டை எடுத்து, "சைட்டட் பை" அழுத்தி, வந்த கட்டுரைகளைத் திறங்கள். முன்னுரையில் பத்துப் பதினைந்து மேற்கோளோடு கும்பலாக வந்திருந்தால் அது சும்மா கும்பிடு. செய்முறைப் பகுதியில் வந்திருந்தால் யாரோ அவர் சொன்னபடி செய்து பார்த்திருக்கிறார்கள்.

கறார்:
எல்லாரும் சேர்ந்து அவரைத் தியாகி ஆக்கிவிடாதீர்கள். சின்னத் துறை என்பது உண்மை, அதைச் சாக்காக வைத்துச் சும்மா இருப்பவர்களும் உண்டு. 17-ஐ வேறு சர்க்கரை ஆட்களோடு, அதுவும் அதே அளவு அனுபவம் உள்ளவர்களோடு ஒப்பிடுங்கள். கடைசி ஐந்து வருடத்தில் என்ன வந்தது, முதல் பெயர் மாணவருடையதா, அவரிடம் சேர்ந்தவர்கள் எத்தனை வருடத்தில் வெளியே வந்தார்கள்? இதற்கெல்லாம் இண்டெக்ஸ் கிடையாது, பழைய மாணவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

புதுக்குடுவை:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒரு பேப்பரைத் துருவினேன். மொத்தமே 23 சைட்டேஷன். அதில் ஒன்பது செய்முறைப் பகுதியில், அவருடைய தயோகிளைகோசைடு (கந்தகம் சேர்த்த சர்க்கரை) வழியை அப்படியே எடுத்திருக்கிறார்கள், அதில் இரண்டு குழு கிராம் கணக்கில் செய்திருக்கிறது. ரிவ்யூவையும் திறந்தேன், அது முக்கால்வாசி கும்பிடுதான். பழைய மாணவர்கள் இரண்டு பேருக்கு மெயில் போட்டிருக்கிறேன். ஒருவர் பதில் அனுப்பிவிட்டார்: "ஐந்தரை வருடம். சிலிக்கா வாங்கக் காசு கேட்டால் மட்டும் முகம் சுளிப்பார்."

பைரனோஸ்:
சிலிக்காவுக்கு எல்லா கைடும் சுளிப்பார்கள். போய்ச் சேருங்கள்.