ஜாம்பி வேஷம் போட்டு மலையில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

கோத்தகிரிக்காரன்:
கல்லூரிக் குறும்படம், மேக்கப் என் பொறுப்பு. லேட்டக்ஸ் என்கிற ரப்பர் பாலும் டிஷ்யூ பேப்பரும் மாற்றி மாற்றி ஒட்டிப் பொய்த்தோல் செய்கிற கதைதான், உங்களுக்கே தெரியும். கோவையில் ஒத்திகை பார்த்தபோது மளமளவென்று காய்ந்தது. கோத்தகிரிப் பனியில் அரை மணி ஆகியும் பிசுபிசுப்பு போகவில்லை. விடியற்காலை நாலு மணியிலிருந்து ஹேர் டிரையரும் கையுமாக நின்று, ஒருவழியாக நண்பன் கன்னத்தில் ஒரு கிழிசல் கொண்டுவந்தேன். ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகு, சிவப்பு ஃபுட் கலர், கொஞ்சம் கோகோ பவுடர். கோகோ போடாவிட்டால் ரத்தம் ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிடும்.

ஆறரைக்குத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில், மூடுபனிக்குள்ளிருந்து அவன் காலை இழுத்துக்கொண்டு வர வேண்டும். வந்தான். எதிரே கொழுந்து பறிக்கப் போகும் ஒரு பாட்டி. அலறி ஓடுவார் என்று நினைத்தோம். ஓடத்தான் செய்தார், அவனை நோக்கி. "ஐயோ சாமி, காட்டெருமை முட்டிருச்சா?" என்று தலையில் கட்டியிருந்த துண்டை உருவி அவன் கன்னத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கை நடுங்கியது. "நடிப்பு பாட்டி" என்று அவன் சொன்னது, வாயில் இருந்த பொய்ப்பல்லில் ஒன்றும் விளங்கவில்லை.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. "செமயா வருதுடா" என்றேன்.

புரிந்ததும் அவர் திட்டக்கூட இல்லை. துண்டை மடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். ஃபுட் கலர் துணியில் பட்டால் லேசில் போகாது.

குன்னூர்குளிர்:
அரை மணியா? கெட்டியாக அப்பியிருப்பீர்கள் நண்பரே. மெல்லிசாக ஒரு பூச்சு, அது நிறம் மாறிக் காய்ந்த பிறகே அடுத்தது. புருவத்தில் முதலில் வாசலின் தடவ வேண்டும். நான் தடவாமல் விட்டதில் என் தங்கைக்குப் பாதிப் புருவம் போனது, ஒரு மாதம் பேசவில்லை. அப்புறம் லேட்டக்ஸ் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, முந்தின நாளே முழங்கை உட்புறம் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். அதில் அம்மோனியா கலந்திருக்கும், கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கழற்றும்போது வெந்நீரும் எண்ணெயும். ஜாம்பிக் கண் லென்ஸைக் கண் மருத்துவரைக் கேட்காமல் வாங்கிப் போடவே கூடாது. மூடுபனியில் கேமரா வெளிச்சத்தைத் தானாக அளந்தால் படம் சாம்பல் பூத்துவிடும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தை இரண்டு மடங்கு, ஏற்றுங்கள்.

பைன்மரநிழல்:
குன்னூர்குளிர், அவர் லேட்டக்ஸ் சந்தேகமா கேட்டார்?

எங்களுடையது கொடைக்கானல் பைன் காடு. பனியில் கேமரா மேலேயே ஃபிளாஷ் போட்டோம். நீர்த்துளியெல்லாம் வெளிச்சத்தைத் திருப்பியடிக்க, படம் முழுக்க வெள்ளைச் சுவர், நடுவில் ரெண்டு பல். ஃபிளாஷைக் கழற்றி நடிகன் முதுகுக்குப் பின்னால் வைத்த பிறகுதான் உருவம் நிழலாக எழுந்தது. பயந்தவர் ஒருவரும் இல்லை. செல்ஃபிக்கு வரிசை கட்டினார்கள்.

கோத்தகிரிக்காரரே, அந்தப் பாட்டி ஷாட் படத்தில் இருக்கிறதா?

கோத்தகிரிக்காரன்:
இருக்கிறது. திரையிட்டபோது அதற்குத்தான் கைதட்டல். அவரிடம் கேட்கவில்லை. பெயர்கூடத் தெரியாது.

குன்னூர்குளிர்:
ஹேர் டிரையரைச் சூட்டில் வைக்காதீர்கள், குளிர்காற்றில் வையுங்கள். சொல்ல விட்டுவிட்டேன்.